குளிரில் வாழையின் கால் அழுகாமலிருக்க...



வாழை வைப்பதைப் பற்றித் தமிழனுக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். லயத்து வாசலில் ஒரு முருங்கை, பின்புறத்தில் ஒரு வாழைக் கூட்டம், அதன் காலடியில் பாத்திரம் கழுவிய தண்ணீர்; இப்படித்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். கன்றைப் பெயர்த்து ஊன்றினால் வந்துவிடும். அதற்குப் பாடம் எதற்கு?

ஆனால் அதே வாழையைக் கேமரன் மலையில் வைத்துப் பாருங்கள். அல்லது மெல்போர்னில் இருக்கும் மகன் அங்கேயே ஒரு கன்று வாங்கி, அம்மா சொன்ன முறைப்படியே குழி வெட்டி வைக்கட்டும். முதல் மூன்று மாதம் நன்றாக இருக்கும். பிறகு இலை மஞ்சளாகும். ஒரு நாள் காலையில் மரம் சாய்ந்து கிடக்கும். தூக்கினால் கையோடு வந்துவிடும். அடியில் வேர் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. "குளிர் தாங்கவில்லை" என்று சொல்லிவிட்டு நாமும் மறந்துவிடுவோம்.

குளிர் மீது பழி போடுவது சுலபம். மரத்தைக் கொன்றது குளிர் அல்ல, குளிரில் காலடியில் நின்ற தண்ணீர். இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வாழைக்கு ஒரு சரித்திரம் உண்டு. மலாய்க்காரர்கள் அதைப் பிசாங் அவாக் என்பார்கள். நம் பெரியவர்களுக்கு அது கற்பூரவள்ளி. சாம்பல் பூத்த காய், பழுத்தால் தேன். கிள்ளானுக்கு வெளியே ஒரு பால்மரத் தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் என் பாட்டி வைத்தது. தொண்ணூறுகளில் தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போனது. லயத்தை உடைக்க வரும் முன்பு, பெட்டி படுக்கையைக் கட்டுவதற்கும் முன்னால், அம்மா இரண்டு கன்றுகளைத் தோண்டிக் கோணியில் சுற்றி வைத்தார். லோரியில் துணி அலமாரிக்கும் சாமி படங்களுக்கும் நடுவில் அவை வந்து சேர்ந்தன. என் கல்யாணத்துக்கும் தங்கை கல்யாணத்துக்கும் வாசலில் கட்டியது அந்த மரம். அம்மாவின் கருமாதிக்கு இலை அறுத்ததும் அதே மரத்தில்தான். தோட்டத்துக் கோயில் இப்போது இல்லை, பள்ளிக்கூடம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்த இடத்திலிருந்து எங்களுக்கு மிஞ்சியிருந்தது இந்த வாழை ஒன்றுதான்.

பிறகு 2021 டிசம்பர் வந்தது. அந்த மாதம் 18-ஆம் தேதியைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தாமான் அங்கிருந்து தூரமில்லை. வீட்டுப் பின்புறத்தில் நாலு நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், ஃபிரிட்ஜ் போயிருந்தது, மெத்தைகள் போயிருந்தன, வாழை மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அதைப் பார்த்துத்தான் அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதல். இரண்டு வாரத்தில் அடி இலைகள் மஞ்சளாயின. மூன்றாவது வாரம், காற்று என்று சொல்ல முடியாத காற்றுக்கு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கிழங்கைத் தோண்டினால் குடலைப் புரட்டும் நாற்றம். ஆறு மரத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கவனியுங்கள், இது வெயில் கொளுத்தும் கிள்ளான். இங்கே குளிர் ஏது?

அந்த வாழைக்கு வாரிசு என்று மிஞ்சியது ஒரே இடத்தில்தான். சில வருடங்களுக்கு முன் என் தங்கை ஒரு கன்று கொண்டு போயிருந்தாள். அவள் வாழ்க்கைப்பட்டது கேமரன் மலையில், ரிங்லெட்டில். வீட்டுக்காரர் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறார். வெள்ளச் சேதியைச் சொல்லி நான் அழுதபோது அவள் ஒன்றும் பேசவில்லை. பத்து நாள் கழித்துக் கூப்பிட்டாள். "அக்கா, இங்கேயும் அது ஆடுது. தொட்டா ஆடுது" என்றாள்.

வெள்ளத்தில் செத்ததும் மலையில் ஆடியதும் ஒரே காரணத்தால்தான். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

வாழைக்கு ஆணிவேர் கிடையாது. கிழங்கைச் சுற்றிக் கயிறு கயிறாக வேர்கள் கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை மேல்மண்ணில் ஒன்று, ஒன்றரை அடிக்குள்தான் படர்ந்திருக்கும். இந்த வேர்களுக்கு நம்மைப் போலவே மூச்சு வேண்டும். மண்ணில் துகளுக்கும் துகளுக்கும் இடையே உள்ள சந்துகளில் காற்று இருக்கிறது. வேர் அதைத்தான் சுவாசிக்கிறது. அந்தச் சந்துகளில் தண்ணீர் புகுந்து அப்படியே நின்றுவிட்டால் சில நாளில் வேர் மூச்சடைத்துச் சாகும். செத்த வேரைத் தின்னப் பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்ணில் எப்போதும் தயாராக இருக்கின்றன. நாம் 'அழுகல்' என்று பார்ப்பது கடைசிக் கட்டம். சாவு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

சரி, நம் ஊரிலும் மழைதானே, கோலாலம்பூரில் வருடத்துக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறதே, இங்கே ஏன் எல்லா வாழையும் அழுகவில்லை? ஏனென்றால் இங்கே வாழை குடிக்கிறது. அவ்வளவு பெரிய இலையை விரித்து வெயிலில் நிற்கும் மரம், நல்ல வெயில் நாளில் ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் உறிஞ்சி ஆவியாக விட்டுவிடும். மண் தானே காய்ந்துவிடும். வாழைக்குப் பிடித்த வெப்பம் 26, 27 டிகிரி. வெப்பம் இறங்க இறங்க அதன் வேகம் குறையும். ஏறக்குறைய 14 டிகிரியில் வளர்ச்சி நின்றேவிடும். இங்கே வாரம் பத்து நாளைக்கு ஓர் இலை விரியும். மலையில் மழை மாதத்தில் அதற்கு மூன்று வாரம் ஆகும். கேமரன் மலையில் இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். 1978 பிப்ரவரியில் 7.8 வரை போயிருக்கிறது. அப்படிப்பட்ட இரவில் வாழை தூங்குகிறது, மழை தூங்குவதில்லை. மரம் குடிக்காத தண்ணீரெல்லாம் காலடியிலேயே கிடக்கிறது. வெள்ளம் எங்கள் வீட்டில் நாலு நாளில் செய்ததைக் குளிர் அங்கே நாலைந்து மாதத்தில் மெல்லச் செய்கிறது.

இதைப் பழைய ஆட்கள் புத்தகம் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். என் பெரியம்மா பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தவர். அந்தப் பெயரே செங்கல்லால் வந்தது. 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, அத்தாப்புக் கூரை வேண்டாம், கல்லிலும் ஓட்டிலும் கட்டுங்கள் என்று அரசாங்கம் உத்தரவு போட, அங்கே சூளைகள் எழுந்தன. செங்கல்லுக்கு ஏற்ற மண் என்றால் களிமண். களிமண் என்றால் தண்ணீர் இறங்காது. பெரியம்மா அங்கே ஒருநாளும் குழி வெட்டி வாழை வைத்ததில்லை. உடைந்த செங்கல், ஓட்டுச் சில்லு, அடுப்புச் சாம்பல், மண் எல்லாம் கலந்து ஒன்றரை அடிக்கு மேடு கட்டி, அதன் உச்சியில் வைப்பார். "வாழைக்குத் தலை நனையலாம், கால் நனையக் கூடாது" என்பார். அப்போது நாங்கள் சிரிப்போம்.

இனி தங்கை வீட்டுக் கதைக்கு வருகிறேன். நானும் மகனும் தாப்பா வழியாக மலையேறிப் போய் மூன்று நாள் தங்கினோம். வீட்டுக்குப் பின்னால், மேட்டை வெட்டிச் சமன்செய்த இடத்தின் அடிவாரத்தில் மரம் நின்றது. மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். போதாததற்குத் தகரக் கூரைத் தண்ணீரும் அதன் தலையில். முன்பு அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் கொட்டி வைத்த கோழி எரு வேறு, இன்னும் மக்காமல் ஈரமாகக் கிடந்தது. மக்காத எரு குளிர்ந்த ஈர மண்ணில் ஊறும்போது, மண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றையும் அது தின்றுவிடும். காய்கறிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். நான் வாழையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரு பக்கமாக மண்ணை விலக்கிப் பார்த்தோம். நல்ல வேர் வெள்ளையாக, விரலால் நசுக்கினால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் கறுத்துப் போயிருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். பள்ளத்துப் பக்கம் எல்லாம் நூல்தான். மேட்டுப் பக்கம் பாதிக்குப் பாதி வெள்ளை வேர் இருந்தது. அந்தப் பக்கத்தில், கடவுள் புண்ணியம், ஓர் ஈட்டிக் கன்று.

கன்றைப் பற்றி இரண்டு வார்த்தை. குறுகலான, கத்தி போன்ற இலையோடு, அடி பருத்து வருவது ஈட்டிக் கன்று. சின்ன வயதிலேயே அகலமான இலையை விரித்துக்கொண்டு, அடி மெலிந்து நிற்பது நீர்க்கன்று. பார்வைக்கு நீர்க்கன்றுதான் அழகு. ஆனால் அதற்குக் கிழங்கில் சேமிப்பு இல்லை. வெயில் ஊரிலாவது அதை ஒப்பேற்றலாம். குளிர் ஊரில் வேர் பிடிக்கும் முன்பே அழுகிவிடும்.

அந்தக் கன்றைத் தாய்க்கிழங்கிலிருந்து சுத்தமான கத்தியால் பிரித்தோம். மண்ணை முழுக்கக் கழுவி, வேர்களை ஒட்ட நறுக்கி, கிழங்கின் தோலைச் சேப்பங்கிழங்கு செதுக்குவது போலச் செதுக்கினோம். பழுப்புப் புள்ளி இருந்த இடத்தில் வெள்ளைச் சதை தெரியும் வரை கத்தி போனது. கூன்வண்டின் முட்டையும், வேரைத் துளைக்கும் நூற்புழுவும் பெரும்பாலும் இந்தத் தோலில்தான் வரும். வெட்டுக்காயத்தில் விறகுச் சாம்பலைத் தடவி, மழைச் சாரல் படாத இடத்தில் கோணியின் மேல் மூன்று நாள் சும்மா கிடத்தினோம். உடனே நட்டுவிட வேண்டும் என்று கை பரபரக்கும். பொறுக்க வேண்டும். ஈரமான வெட்டுக்காயத்தோடு குளிர்ந்த மண்ணுக்குள் போகும் கிழங்கு, அழுகலுக்கு வாசலைத் திறந்து வைத்த மாதிரி.

புது இடம் சமையலறைச் சுவர் ஓரம், காலை வெயில் விழும் பக்கம். பகலில் சுவர் சேர்த்து வைக்கும் சூடு இரவில் கொஞ்சம் உதவும். அங்கே பெரியம்மா முறையில் ஒன்றரை அடி மேடு. தோட்டத்து மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, கருக்கிய உமியும் நன்றாக மக்கிய எருவும் சேர்ந்து ஒரு பங்கு. தேங்காய் நார்த்தூள் போடலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். கிள்ளானில் போடலாம், அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் சரக்கு, மலைக்கு வேண்டாம் என்றேன். மேட்டைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்துக்குக் கான் வெட்டி, தாழ்வான பக்கம் வாய் திறந்துவிட்டார். பலர் கானை வெட்டுகிறார்கள், வாய் திறந்துவிடுவதில்லை. அப்புறம் அது கானாக இருக்காது, அகழியாகிவிடும். கிழங்கு மூடும் அளவுக்கு மட்டும் மண் போட்டோம். ஆழமாகப் புதைத்தால் பலம் என்பது வெயில் ஊர்க் கணக்கு.

மண்ணில் புளிப்பு அதிகமிருந்தால் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலப்பது நல்லது. சத்து உரம் பற்றிச் சொல்ல அதிகமில்லை: மழையும் குளிரும் சேர்ந்த மாதத்தில் எதுவும் போடாதீர்கள், தூங்குகிறவன் வாயில் சோறு ஊட்டின கதையாகும்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம் பெண்களை நிறுத்துவது கஷ்டம். காலையில் வாசல் தெளித்ததும் மிச்சத் தண்ணீரை வாழைக்கு ஊற்றுவது நம் ரத்தத்தில் ஊறியது. மலையில் அதை விட வேண்டும். விரலை மண்ணில் விடுங்கள். இரண்டு அங்குலம் வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள், ஊற்றுவதும் காலையில். மாலையில் ஊற்றிய தண்ணீர் இரவு முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். மூடாக்கு போடலாம், வைக்கோலோ காய்ந்த இலையோ மண்ணின் சூட்டைக் காக்கும். ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் அங்கேயே அழுகல் தொடங்கும்.

இன்னொன்று, இது பலருக்கும் புதிதாக இருக்கும். குளிர் ஊரில் இலையை அறுக்காதீர்கள். இலைதான் தண்ணீரை இழுக்கும் யந்திரம். நாலு இலையை அறுத்துவிட்டால் மரம் குடிப்பது நின்று, காலடி ஈரம் காயாமல் போகும். தங்கை விசேஷம் என்றால் இலை அறுப்பாள். அவளைச் சத்தியம் செய்யச் சொல்லிவிட்டு வந்தேன்.

தாய் மரத்துக்கும் கூரைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, கான் வெட்டி, முட்டுக் கொடுத்துப் பார்த்தோம். அது நிற்கவில்லை, இரண்டு மாதத்தில் சாய்ந்தது. கன்று நின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லா வாடலும் தண்ணீரால் வருவதில்லை. தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே செம்பழுப்பு நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தெரிகிறதா? அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, பாவாடை போலத் தண்டைச் சுற்றித் தொங்குகின்றனவா? அது பெரும்பாலும் பானாமா வாடல் என்னும் பூஞ்சை நோய். 1876-இல் ஆஸ்திரேலியாவில் முதலில் எழுதி வைத்தார்கள். ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் வாழையை, நம் பிசாங் எம்புன் அந்த இனம்தான், ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்து துடைத்து எடுத்தது இந்த நோய். அதற்குப் பதிலாக வந்த கேவண்டிஷ் வாழையையும் தாக்கும் புது வகை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் மலேசியாவின் பெருந்தோட்டங்களுக்குள் புகுந்தது. கற்பூரவள்ளிக்கும் இந்த வாடல் வரும். வந்த மரத்துக்கு மருந்து இல்லை. அந்த மண்ணில் பூஞ்சை பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். கன்று வழியாக, மண்வெட்டியில் ஒட்டிய மண் வழியாக, செருப்பு வழியாகப் போகும். அப்படிப்பட்ட மரத்திலிருந்து அண்ணன் தம்பிக்குக்கூடக் கன்று கொடுக்காதீர்கள். எங்கள் தங்கை வீட்டு மரத்தின் தண்டு உள்ளே வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குளிர் மலையில் வாழை வளரவே வளராது என்று யாரும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் பழனி மலையிலும் சிறுமலையிலும் விருப்பாட்சி, சிறுமலை என்ற மலைவாழைகள் தலைமுறை தலைமுறையாக விளைகின்றன. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை அவை. காப்பிச் செடிகளுக்கு நடுவே, நிழல் மரங்களின் கீழே, சரிவில் நிற்கும். மழை பெய்யும், தண்ணீர் நிற்காமல் இறங்கி ஓடிவிடும். எழுபதுகளில் அந்த வாழைகளுக்குப் பேரழிவு வந்தது உண்மை. அது முடிக்கொத்து நோயால் வந்தது, அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ். வேரால் வந்ததல்ல.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதலில், பெட்டிக்குள் கன்றை மறைத்து எடுத்துப் போகாதீர்கள். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் பிடித்தால் அபராதம், பிடிக்காவிட்டால் நோய். அங்கேயே வாங்கித் தொட்டியில் வைக்கட்டும். தொட்டியின் அடியில் நல்ல ஓட்டைகள் வேண்டும், தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. குளிர்காலம் தொடங்கினால் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து, மண் ஏறக்குறைய காய்ந்தே இருக்கும்படி விட வேண்டும். இலை வாடினாலும் பயப்பட வேண்டாம். கிழங்கு உயிரோடு இருந்தால் வெயில் வந்ததும் துளிர்க்கும். இங்கிலாந்தில் வெளியிலேயே நிற்கும் ஒரு வாழை உண்டு, முசா பாஸ்ஜூ என்று பெயர். ஜப்பானியக் கவிஞர் பாஷோ தம் பெயரை அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். பழம் தின்ன உதவாது, அழகுக்குத்தான். அதற்கும் அவர்கள் குளிர்காலத்தில் தண்டைச் சுற்றி வைக்கோல் கட்டி, உச்சியில் மழை இறங்காமல் மூடி வைக்கிறார்கள். ஐஸ்லாந்தில்கூடப் பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீரால் சூடாக்கிய கண்ணாடி வீட்டில் வாழைத்தார் தள்ளுகிறது. அது வேறு கதை, பணக்காரக் கதை.

ரிங்லெட் கன்று தார் தள்ள நம் ஊரைவிட வெகுகாலம் எடுத்துக்கொண்டது. ஆனால் தள்ளியது. தங்கை ஒரு சீப்பை அம்மா படத்துக்கு முன் வைத்துவிட்டுப் படம் பிடித்து அனுப்பினாள். பக்கக் கன்றுகளில் இரண்டை மாப்பிள்ளை கழுவிச் செதுக்கி, காயவைத்துக் காரில் கொண்டு வந்தார். பழைய இடத்தில் வைக்கவில்லை. வெள்ளம் என்னென்ன கொண்டு வந்து கொட்டிய மண்ணோ அது. முன்வாசல் ஓரத்தில் செங்கல் வரம்பு கட்டி, புது மண் வாங்கி, இரண்டடி உயரத்துக்கு மேடு போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, "இது வாழைக்கா, இல்லை சமாதியா?" என்று கேட்டுச் சிரித்தார். இப்போது அவரும் ஒரு கன்று கேட்கிறார்.

கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். பெயர் எழுதி வைத்திருக்கிறேன், தை பிறக்கட்டும். வருகிறவர்கள் கழுவிய மண்வெட்டியோடு வாருங்கள். செருப்பைத் தயவுசெய்து கேட்டுக்கு வெளியே விடுங்கள். வீட்டில் மேடு கட்டி முடித்துவிட்டு வந்தால்தான் கன்று.